மூன்றாவது காசோலை

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் வாரத்தில் மூன்று காசோலைகள் எழுதுவேன். ஒன்று நான் படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு. இன்னொன்று இங்கே நியூஜெர்சியில் நாங்கள் போகும் கோயிலின் அன்னதானத்துக்கு. மூன்றாவது, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமைக்காக அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் ஓர் அமைப்புக்கு. முதல் இரண்டைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்டதில்லை. மூன்றாவதைப் பற்றிப் பொங்கல் விழாவில் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் பரிமாறிக்கொண்டிருந்த தோழி கரண்டியை அப்படியே பாத்திரத்தில் விட்டுவிட்டு, "அக்கா, நீங்களா? நீங்கள் நர்ஸ் ஆயிற்றே!" என்றாள்.

வரிசையில் இருபது பேர் தட்டோடு நிற்கும்போது சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் நர்ஸ்தான். பல ஆண்டுகளாக இரவுப் பணி. குண்டடி பட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் காலணிக் கயிற்றை அவிழ்க்க நேரமில்லாமல் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருக்கிறேன். அது புத்தம் புதிய காலணி, அடியில் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. துப்பாக்கி ஓர் உடம்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைத் தெரிந்துகொண்டேதான் அந்த மூன்றாவது காசோலையில் கையெழுத்துப் போடுகிறேன்.

2019-ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டுக்குள் பட்டப்பகலில் இரண்டு பேர் புகுந்தார்கள். வீட்டில் இருந்தது ஊரிலிருந்து பேரனைப் பார்க்க வந்திருந்த பாட்டி மட்டும். இந்தியர் வீடு என்றால் தங்கம் இருக்கும் என்று வருகிறவர்களுக்குத் தெரியும். நியூஜெர்சியில் மட்டும் நடப்பதில்லை இது. 2011 முதல் 2014 வரை ஜார்ஜியா, மிச்சிகன், டெக்சாஸ் என்று மாநிலம் மாநிலமாகப் போய் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளையே குறிவைத்துக் கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவிக்கு மிச்சிகனில் கூட்டாட்சி நீதிமன்றம் 37 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அன்று பாட்டியின் கையைச் சமையலறை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்த பிசின் நாடாவை அறுத்து எடுத்தது நான். வயதானவர்களின் தோல் எவ்வளவு மெல்லியது என்பது என் தொழிலில் எனக்குத் தெரியும். நல்லெண்ணெய் தடவித் தடவி எடுத்தேன். அப்படியும் ஓர் இடத்தில் நாடாவோடு தோலும் வந்துவிட்டது. பாட்டி அழவில்லை. "காபி போட்டுத் தரட்டுமா அம்மா" என்று என்னைக் கேட்டார்.

மறுவாரம் கைத்துப்பாக்கிக்கு விண்ணப்பித்தேன். அப்போது நான் இந்த நாட்டின் குடிமகளாகி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. நியூஜெர்சியில் துப்பாக்கி வாங்குவதற்கென்று ஓர் அடையாள அட்டை வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் அனுமதிச் சீட்டும் வேண்டும். கைரேகை கொடுக்க வேண்டும், நம்மைத் தெரிந்தவர்கள் இருவர் நற்சான்று தர வேண்டும், மனநல ஆவணங்களைப் பார்த்துக்கொள்ள ஒப்புதல் எழுதித் தர வேண்டும். எதையும் நான் குறை சொல்லவில்லை, எல்லாம் கொடுத்தேன். முப்பது நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. எனக்கு ஐந்து மாதமும் பதினோரு நாளும் ஆயிற்று. ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொரு முறையும் கணினியைப் பார்க்காமலேயே "இன்னும் வரவில்லை" என்றார். வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். வழக்கை எடுப்பதற்கே அவர் கேட்ட முன்பணம் என் இரண்டு மாதச் சம்பளம். நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த ஐந்து மாதமும் நான் நினைத்துக்கொண்டிருந்தது இன்னொரு பெண்ணை. இதே நியூஜெர்சியில், பெர்லின் என்ற ஊரில் இருந்தவர். அடித்துத் துன்புறுத்திய பழைய காதலனுக்கு எதிராக நீதிமன்றத் தடையுத்தரவு வாங்கினார். வீட்டைச் சுற்றிக் கேமரா வைத்தார். 2015 ஏப்ரலில் கைத்துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தார். முப்பது நாள் கடந்தது, அனுமதி வரவில்லை. ஜூன் 3-ஆம் தேதி தன் வீட்டு வாசலிலேயே அவனால் குத்திக் கொல்லப்பட்டார். அனுமதி வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தன்னால் ஆனதையெல்லாம் செய்த ஒருத்தி ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தபோது செத்துப்போனார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

எங்கள் ஊர் களக்காட்டு மலையடிவாரம். வாழைத் தோட்டத்தில் காட்டுப்பன்றி இறங்காமல் பார்த்துக்கொள்ளப் பெரியப்பாவிடம் லைசென்ஸ் பெற்ற ஒற்றைக்குழல் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வரும்போதெல்லாம் அதைப் பழைய வேட்டியில் சுற்றி, சைக்கிளில் வைத்துக்கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். தேர்தல் முடிந்ததும் போய்க் கேட்டு வாங்குவார். "கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்" என்பார். அவருக்கு அது அரசு பார்த்துக் கொடுத்த சலுகை. 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் கம்பெனி அரசு தென்சீமையில் ஆயுதங்களைப் பறித்தது. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி வெள்ளையர்களுக்கு விலக்குக் கொடுத்தது. 1931-இல் கராச்சி காங்கிரஸ் அடிப்படை உரிமைகளைப் பட்டியலிட்டபோது, ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையையும் அதில் சேர்த்தது. பிறகு எழுதப்பட்ட அரசியல் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. அந்த நாட்டின் முடிவு அது, அதற்கான காரணங்களும் இருந்தன.

நான் குடியேறிய நாடு வேறு முடிவு எடுத்தது. 1791-இல் சேர்க்கப்பட்ட இரண்டாவது சட்டத்திருத்தம், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்குள்ள உரிமையை மீறக் கூடாது என்கிறது. சலுகை என்றால் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாம். உரிமை என்றால் மறுக்கப்படும்போது வழக்குப் போட முடிய வேண்டும். அதற்கு ஆகும் பணம் யாரிடம் இருக்கிறது?

டிக் ஹெல்லரின் வழக்கைப் பாருங்கள். வாஷிங்டன் நகரில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை. ஹெல்லர் அதே நகரில் கூட்டாட்சி நீதித்துறைக் கட்டடம் ஒன்றில் காவலர். வேலை நேரத்தில் இடுப்பில் துப்பாக்கியோடு அந்தக் கட்டடத்தைக் காப்பார். தன் வீட்டைக் காக்க அதே துப்பாக்கியை வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி இல்லை. 2003-இல் வழக்குப் போட்டபோது வாதிகள் ஆறு பேர். வழக்குத் தொடுக்கத் தகுதி இல்லை என்று ஐந்து பேரை நீதிமன்றம் விலக்கியது. விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, அந்த மறுப்பைக் கையில் வைத்திருந்தவர் ஹெல்லர் ஒருவர்தான். செலவை ஏற்றுக்கொண்டவர் ராபர்ட் லெவி என்ற வழக்கறிஞர். அவர் அதுவரை துப்பாக்கியே வைத்திருந்ததில்லை. தோற்றுவிட்டால் என்ன ஆவது என்று, துப்பாக்கி உரிமைக்காகவே பேசும் தேசிய ரைபிள் சங்கமே தொடக்கத்தில் தயங்கிய வழக்கு அது. 2008 ஜூன் 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார்கள். வழக்கறிஞர் செலவாக மூன்று மில்லியன் டாலருக்கு மேல் கேட்டார்கள். நீதிபதி 2011 டிசம்பரில்தான், ஏறத்தாழ 1.1 மில்லியன் டாலர் தரச் சொன்னார். வழக்குத் தொடங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கேட்டதில் பாதிகூட இல்லை. லெவியைப் போன்ற ஒருவர் எல்லார் வழக்குக்கும் கிடைப்பாரா?

ஆனால் என் நெஞ்சில் நிற்கிற வழக்கு ஹெல்லருடையது அல்ல, ஓட்டிஸ் மெக்டொனால்டுடையது. லூசியானாவில் பிறர் நிலத்தை விளைச்சல் பங்குக்கு உழுத கறுப்பினக் குடும்பத்தின் பிள்ளை. பதினேழு வயதில் கடன் வாங்கிய 18 டாலரோடு வடக்கே கிளம்பினார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் துப்புரவுப் பணியில் தொடங்கிப் பராமரிப்புப் பொறியாளராக உயர்ந்தார். மார்கன் பார்க் என்ற பகுதியில் வீடு வாங்கிப் பிள்ளைகளை வளர்த்தார். ஓய்வு பெறும் வயதில் தெரு மாறிப்போனது. வீட்டில் பலமுறை திருடர்கள் புகுந்தார்கள். போதைப்பொருள் விற்கிறவர்களைப் பற்றிக் காவல்துறையோடு சேர்ந்து வேலை செய்தார் என்பதால் அவர்கள் அவரையே மிரட்டினார்கள். சிகாகோவில் கைத்துப்பாக்கியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். புதிய பதிவை 1982-இலேயே நிறுத்திவிட்டதும் சட்டம். வேட்டைத் துப்பாக்கி வைத்திருந்தார். ஆனால் எழுபது வயதைத் தாண்டியவர் நடுராத்திரியில் நீளமான துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இருட்டில் மாடிப்படி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். கட்டிலருகே ஒரு கைத்துப்பாக்கி வேண்டும் என்றுதான் கேட்டார்.

அந்தக் கிழவருக்குத் தனியாகச் சிகாகோ மாநகரத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போக முடியுமா? இரண்டாவது சட்டத்திருத்த அறக்கட்டளையும் இல்லினாய் மாநில ரைபிள் சங்கமும் அவரோடு வாதிகளாகச் சேர்ந்தன. அறக்கட்டளை 1974-இல் வாஷிங்டன் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. ஹெல்லர் வழக்கில் வாதாடிய ஆலன் குரா இதிலும் வாதாடினார். 2010 ஜூன் 28 அன்று தீர்ப்பு: மறுபடியும் ஐந்துக்கு நான்கு. மாநிலங்களையும் நகரங்களையும் இந்த உரிமை கட்டுப்படுத்தும் என்றது நீதிமன்றம்.

அந்தத் தீர்ப்பை நான் முழுதாகப் படித்தேன். இரவுப் பணியில் அமைதியான நேரங்களில், பத்து நாள் படித்தேன். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பினத்தார் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டதை அதில் படித்தேன். 1873-இல் லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் ஊரில் ஈஸ்டர் நாளில் கறுப்பின ஆண்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டதையும், கொன்றவர்கள்மீதான தண்டனையை 1876-இல் இதே உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததையும் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் எழுதியிருக்கிறார். மெக்டொனால்டு பிறந்ததும் அதே லூசியானா. யாரிடம் ஆயுதம் இருக்கலாம் என்று அதிகாரி முடிவு செய்யலாம் என்றால், முதலில் யாரிடம் இல்லாமல் போகும் என்பதற்கு இந்த நாட்டில் பதில் எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. வெள்ளைக்காரருக்கு விலக்குக் கொடுத்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் நாட்டிலிருந்து வந்தவள் நான். எனக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மெக்டொனால்டு 2014-இல் காலமானார்.

வழக்கில் வென்றால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள், சிகாகோ அடுத்து என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். தீர்ப்பு வந்த நான்காவது நாள் புதுச் சட்டம் போட்டது. துப்பாக்கி வேண்டுமானால் சுடுதளத்தில் ஒரு மணி நேரம் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். சரி. ஆனால் நகர எல்லைக்குள் பொதுமக்களுக்கான சுடுதளமே கூடாது. மறுபடியும் வழக்கு, மறுபடியும் அதே அறக்கட்டளை. 2011 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுடுதளத் தடைக்கு இடைக்காலத் தடை விதிக்கச் சொன்னது.

நியூயார்க் நகரம் செய்தது இன்னும் மோசம். வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும் உரிமம் பெற்றவர்கள் துப்பாக்கியை நகருக்குள் இருந்த ஏழு சுடுதளங்களைத் தவிர வேறெங்கும் எடுத்துப் போகக் கூடாது என்றது விதி. ஊருக்கு வெளியே தங்களுக்கே இன்னொரு வீடு இருந்தாலும் அங்கே கொண்டுபோக முடியாது. 2013-இல் வழக்குப் போட்டார்கள். பொதுமக்களின் பாதுகாப்புக்கு இந்த விதி இன்றியமையாதது என்று நகரம் ஆண்டுக்கணக்கில் வாதாடியது. உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுத்தது. சில மாதங்களில் நகரம் விதியை மாற்றிக்கொண்டது. இனி விசாரிக்க ஒன்றும் இல்லை என்று 2020 ஏப்ரலில் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. ஏழு ஆண்டு உழைப்பு. உரிமை வழக்குகளில் வென்ற தரப்புக்கு வழக்கறிஞர் செலவை அரசு தர வேண்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. ஆனால் இடைக்கால உத்தரவை மட்டும் பெற்று, அரசு நடுவில் சட்டத்தை மாற்றிக்கொண்டால் அது வெற்றியாகக் கணக்கில் வராது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. துப்பாக்கிக்குத் தொடர்பில்லாத, வர்ஜீனியா மாநில ஓட்டுநர் உரிம வழக்கு அது. அடி எல்லார் முதுகிலும்தான் விழுகிறது. தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பின்வாங்கினால் அரசுக்குச் செலவு இல்லை. எதிர்த்தரப்பின் செலவை யார் தருவது? என்னைப் போல நூறு டாலர் அனுப்புகிறவர்கள்தான்.

2022 ஜூன் 23 அன்று நியூயார்க்கின் நூறாண்டுப் பழைய சட்டவிதி ஒன்று உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. வெளியே துப்பாக்கி எடுத்துச் செல்லத் தனிப்பட்ட காரணம் காட்டு என்று கேட்ட விதி. வழக்குப் போட்ட நியூயார்க் மாநில ரைபிள், பிஸ்டல் சங்கத்துக்கு ஆதரவாக நீதிமன்றத்தில் மனுக் கொடுத்தவர்களில், ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் கறுப்பின வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவர்கள் அரசியலில் வலதுசாரிகள் அல்லர். தாங்கள் யாருக்காக வாதாடுகிறார்களோ அவர்கள், பெரும்பாலும் கறுப்பினத்தாரும் ஸ்பானிய வம்சாவளியினரும், உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்ததற்காகச் சிறைக்குப் போவதை அன்றாடம் பார்க்கிறவர்கள். என் தோழி அந்த ஒரு மனுவையாவது படித்துவிட்டு என்னோடு வாதாட வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்தத் தீர்ப்பின் சூட்டிலேயே நியூஜெர்சியும் தன் பழைய விதியைக் கைவிட்டது. டிசம்பரில் புதிய சட்டம் கொண்டுவந்தது. எடுத்துச் செல்லும் அனுமதிக்குக் கட்டணம் 200 டாலர், நான்கு நற்சான்றுகள், காப்பீடு, போகக்கூடாத இடங்களின் நீண்ட பட்டியல். அமைப்புகள் வழக்குப் போட்டன. 2023 மே மாதம் நீதிபதி ரெனே பம் அதில் பலவற்றை நிறுத்திவைத்தார். மேல்முறையீட்டில் சில திரும்பி வந்தன. இப்படித்தான் நடக்கும் இந்த வேலை, ஒரு படி ஏறி அரைப் படி சறுக்கி.

நம்மவர்களுக்கு இதில் நேரடியாகச் சம்பந்தம் உண்டு. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நண்பர்கள் விடுமுறைக்குச் சுடுதளத்துக்குக் கூப்பிட்டால் தம்பிகள் தயவுசெய்து யோசியுங்கள். புளோரிடாவில் மாணவர் விசா தகுதியை இழந்த ஒருவர் சுடுதளத்தில் சுட்டதற்காகத்தான் தண்டிக்கப்பட்டு, வழக்கு 2019-இல் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பச்சை அட்டை வந்துவிட்டால் கூட்டாட்சிச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஆனால் மாசசூசெட்ஸ் மாநிலம் பச்சை அட்டைக்காரர்களுக்கும் கைத்துப்பாக்கியை மறுத்துவந்தது. 2012-இல் பாஸ்டன் கூட்டாட்சி நீதிமன்றம் அதைத் தவறு என்றது. அந்த வழக்கின் பின்னாலும் இருந்தது மெக்டொனால்டுக்குத் துணைநின்ற அதே அறக்கட்டளை. குடியேறிகளுக்காக யாரும் பேசுவதில்லை என்று குறைப்படுகிற நாம் இதை ஒருமுறையாவது பேசியிருக்கிறோமா?

எல்லா அமைப்புக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. தேசிய ரைபிள் சங்கத்துக்கு நான் ஒரு டாலர்கூட அனுப்பியதில்லை. அதன் தலைமை நிர்வாகியாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோலோச்சிய வெய்ன் லாபியேர், உறுப்பினர்களின் பணத்தைத் தன் வசதிக்குச் செலவழித்தார் என்று 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு கண்டது, 4.35 மில்லியன் டாலரைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அனுப்பியவர்களின் பணம் அது. நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அதே ஆண்டு மே மாதம் நியூயார்க் அதிகாரி ஒருவர் அதே சங்கத்தின் பேச்சுரிமையை நெருக்கினார் என்ற வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் நின்றார்கள். அதற்காக வாதாடியது, துப்பாக்கி விஷயத்தில் சங்கத்தோடு ஒத்துப்போகாத அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம். நீதிமன்றத்தின்மீது எனக்குள்ள நம்பிக்கைக்கு இப்படிப்பட்ட நாள்களும் காரணம். கொடுப்பதற்கு முன் ஆண்டுக்கணக்கை எடுத்துப் பாருங்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் அரசுக்குக் கொடுக்கும் கணக்குப் படிவம் பொதுவில் கிடைக்கும். சம்பளத்துக்கு எவ்வளவு, அஞ்சல் அச்சடிக்க எவ்வளவு, வழக்குக்கு எவ்வளவு. என்னென்ன வழக்குகள், எந்த நீதிமன்றத்தில், எந்தக் கட்டத்தில் என்று வெளிப்படையாகச் சொல்கிற அமைப்புக்குத்தான் என் பணம்.

அப்படித் தேர்ந்தெடுத்த அமைப்போடும் எனக்குச் சண்டை உண்டு. குடும்ப வன்முறைக்காகத் தடையுத்தரவு விதிக்கப்பட்டவனிடம் துப்பாக்கி இருக்கலாமா என்ற ரஹீமி வழக்கு 2023-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, துப்பாக்கி உரிமை அமைப்புகள் பல ரஹீமியின் பக்கம் நின்றன. குற்றத்தீர்ப்பு இல்லாமல் உரிமையைப் பறிக்கலாகாது என்ற அவர்களின் வாதத்தைப் படித்தேன், புரிந்தது. ஆனால் கழுத்தில் விரல் பதிந்த தடத்தோடு வருகிற பெண்களின் ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறவள் நான். அவர்கள் கைப்பையில் துப்பாக்கி இருப்பதற்காகப் பணம் கொடுக்கிற நான், அவர்களை நெரித்தவன் கையில் அது இருப்பதற்கு எப்படிக் கொடுப்பேன்? 2024 ஜனவரியில் காசோலையோடு இரண்டு பக்கக் கடிதம் வைத்தேன். பெர்லின் ஊர்ப் பெண்ணைப் பற்றி எழுதினேன். அவரிடம் தடையுத்தரவும் இருந்தது, துப்பாக்கிக்கு விண்ணப்பமும் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று எழுதினேன். பதில் வரவில்லை. ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், பிறருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாகப் பறிக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னது. அன்று காலை பணி முடிந்து வந்து அதைப் படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த ஜனவரியிலும் மூன்று காசோலைகள் எழுதினேன்.